மிச்சக் காற்றில் மலிவு ஹைட்ரஜன்: கணக்கு இடிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றாலை மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரிப்பது பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். மின்கட்டமைப்பு ஏற்க முடியாமல் காற்றாலைகளை நிறுத்தி வைக்கும் நேரங்களில் அந்த மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தால், மூலப்பொருள் செலவே இல்லாமல் ஹைட்ரஜன் கிடைத்துவிடும் என்பது கட்டுரையின் மையக் கருத்து. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலில் மின்சாரச் செலவு. ஒரு கிலோ ஹைட்ரஜனில் அடங்கியிருக்கும் மொத்த ஆற்றல் 39.4 யூனிட். எந்த எலக்ட்ரோலைசரும் (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் கருவி) இதற்குக் குறைவான ஆற்றலை வாங்கிக்கொண்டு ஒரு கிலோ தராது. இன்று விற்பனையாகும் கருவிகள் 50 முதல் 55 யூனிட் வரை எடுத்துக்கொள்கின்றன. தயாரிப்பாளரின் விவரத்தாளில் ஒரு கன மீட்டருக்கு 4.4 யூனிட் என்று இருக்கும். ஒரு கிலோ என்பது இயல்பு நிலையில் 11.1 கன மீட்டர். பெருக்கினால் 49 யூனிட் வருகிறது. ஆனால் அந்த 4.4 பெரும்பாலும் செல் அடுக்குக்குள் (தண்ணீர் பிரியும் செல்களை அடுக்கிய பகுதி) நுழையும் நேர்மின்சாரத்தை மட்டும் அளந்த எண். அதற்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மரும், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரும் மூன்று முதல் ஐந்து சதவீதத்தைத் தின்றுவிடும். பம்புகள், குளிர்விப்பு, வாயு உலர்த்தி, கட்டுப்பாட்டு அறை எல்லாம் தனி. அனைத்தையும் கூட்டி, தொழிற்சாலை வாசலில் இருக்கும் மீட்டரைப் பார்த்தால் 55க்குப் பக்கத்தில் நிற்கும். ஆகவே எந்த நாணயத்தில் வேண்டுமானாலும், ஒரு யூனிட்டின் விலையை 55ஆல் பெருக்குங்கள்: ஒரு கிலோவின் மின்சாரச் செலவு அதுதான். யூனிட் 4 அமெரிக்க சென்ட் என்றால் 2.20 டாலர்.

இந்த 2.20 டாலரைப் பூஜ்யம் ஆக்கிவிடலாம் என்பதுதான் கட்டுரையின் வாதம். ஆக்கலாம். ஆனால் எலக்ட்ரோலைசரைக் கடன் வாங்கித்தான் நிறுவ வேண்டும்; காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் தவணை கட்டியாக வேண்டும். கட்டடம், மின் இணைப்பு, குழாய் வேலை எல்லாம் சேர்த்து ஒரு கிலோவாட்டுக்கு 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத வட்டி, 20 ஆண்டு தவணை என்றால் ஆண்டுக்கு 204 டாலர். பராமரிப்புக்கு முதலீட்டில் 3 சதவீதம், அதாவது 60 டாலர். ஆக ஒவ்வொரு கிலோவாட்டும் ஆண்டுதோறும் 264 டாலரைச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும்.

ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 90 சதவீதம் முழுத் திறனில் ஓடினால் ஒரு கிலோவாட் 143 கிலோ ஹைட்ரஜன் தரும். அப்போது முதலீட்டுச் சுமை கிலோவுக்கு 1.84 டாலர். காற்றாலையின் பயன்பாட்டு விகிதம் (ஆண்டு முழுக்க முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் உண்மையில் கிடைக்கும் பங்கு) 35 சதவீதம், எலக்ட்ரோலைசரும் அதே அளவுதான் ஓடுகிறது என்றால் கிடைப்பது 56 கிலோ, சுமை 4.74 டாலர். வீணாகும் மின்சாரத்தை மட்டும் நம்பி ஆண்டில் 10 சதவீத நேரம் ஓட்டினாலோ 16 கிலோதான் கிடைக்கும். மின்சாரம் முழுக்க இலவசமாக இருந்தும் ஒரு கிலோவின் மேல் 16.60 டாலர் ஏறிவிடும். உபரி மின்சாரம் வரும் விதமும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. அது நாள் முழுக்கச் சீராகச் சொட்டுவதில்லை. பலத்த காற்று வீசும் சில மணி நேரங்களில் மொத்தமாக வந்து கொட்டும். அந்த உச்சத்தைப் பிடிக்க உச்சத்துக்கு ஈடான பெரிய கருவி வேண்டும், அது மற்ற நாள்களில் சும்மா கிடக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? காற்றாலையைவிடச் சிறிய எலக்ட்ரோலைசரைப் போடுவது. 10 மெகாவாட் காற்றாலைத் தொகுப்புக்கு 6 மெகாவாட் எலக்ட்ரோலைசர் போதும். காற்றாலைகள் முழுத் திறனில் சுற்றும் நேரம் ஆண்டில் குறைவு என்பதால் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்தச் சிறிய கருவிக்குள் போய்விடும். மிச்சத்தை மின்கட்டமைப்புக்கு விற்கலாம், விற்க முடியாவிட்டால் விட்டுவிடலாம். எலக்ட்ரோலைசரின் பயன்பாடு 35இலிருந்து 49 சதவீதத்துக்கு உயர்கிறது, முதலீட்டுச் சுமை 3.38 டாலராக இறங்குகிறது. அதனுடன் 4 சென்ட் கொடுத்து வாங்கிய மின்சாரத்தின் 2.20ஐச் சேர்த்தால் 5.58 டாலர். இலவச மின்சாரத்தில் 16.60, காசு கொடுத்து வாங்கியதில் 5.58! ஹைட்ரஜன் திட்டத்தில் கொஞ்சம் காற்று மின்சாரத்தை வேண்டுமென்றே வீணாக்குவது சில சமயம் லாபம் என்பது இதிலிருந்து தெரியும். மாவட்டம் தாண்டிப் பரந்து கிடக்கும் காற்றாலைகளை ஒன்றாக இணைத்தாலும், காற்று ஓயும் வேளையில் சூரிய மின்சாரத்தைச் சேர்த்தாலும் எலக்ட்ரோலைசர் ஓடும் மணி நேரம் இன்னும் கூடும்.

மணி நேரத்தைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. மின்சார விலை மணிக்கு மணி மாறும் சந்தையில், விலை ஏறிய நேரத்திலும் ஓட்டிக்கொண்டிருந்தால் முதலீட்டில் மிச்சம் பிடித்தது மின்கட்டணத்தில் போய்விடும். ஹைட்ரஜனின் விற்பனை விலையை 55ஆல் வகுத்து வரும் எண்ணுக்குக் கீழே மின் விலை இருக்கும்வரை ஓட்டலாம், அதைத் தாண்டினால் நிறுத்தலாம் என்பது எளிய விதி. கிலோ 5 டாலருக்கு விற்பவருக்கு அந்த எல்லை யூனிட்டுக்கு 9 சென்ட். இப்படிப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 3,000 முதல் 6,000 மணி நேரம் வரையிலான முழுத்திறன் ஓட்டம்தான் மலிவாக அமைகிறது.

இதுவரை சொன்னது பணக் கணக்கு. காற்றின் ஏற்ற இறக்கத்தை இயந்திரம் எப்படித் தாங்குகிறது என்பதையும் கட்டுரை தொடவில்லை. விலை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

பழைய, நம்பகமான வகை காரக் கரைசல் எலக்ட்ரோலைசர். 25 முதல் 30 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், 70 முதல் 90 டிகிரி செல்சியஸ் வெப்பம், நிக்கல் மின்முனைகள், நடுவில் நுண்துளைத் தடுப்பு. அந்தத் தடுப்பின் வழியே சிறிதளவு ஹைட்ரஜன் எப்போதும் ஆக்சிஜன் பக்கத்துக்குக் கசியும். மின்னோட்டம் குறைந்தாலும் கசிவு அவ்வளவாகக் குறையாது. முழுச் சுமையில் ஆக்சிஜன் நிறைய உற்பத்தியாவதால் கசிவு அதில் கரைந்து தெரியாமல் போகும். காற்று ஓய்ந்து சுமை பத்தில் ஒன்றாகச் சரிந்தால், அதே கசிவு விகிதத்தில் பத்து மடங்காகத் தெரியும். ஆக்சிஜனில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டினால் தீப்பற்றக்கூடிய கலவை. அதனால் 2 சதவீதத்திலேயே பாதுகாப்பு அமைப்பு கருவியை நிறுத்திவிடும். இதனால்தான் இவ்வகைக் கருவிகளுக்குக் குறைந்தபட்சச் சுமை வரம்பு உண்டு: நல்ல வடிவமைப்பில் 10 முதல் 20 சதவீதம், பழையவற்றில் இன்னும் அதிகம். அழுத்தத்தைக் கூட்டி ஓட்டினால் கசிவும் கூடி வரம்பு மேலே போகும். டென்மார்க்கின் அஸ்கோவில் 1890களிலேயே காற்றாலை மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுத்துப் பள்ளிக்கு விளக்கேற்றிய பால் லா கோர், ஹைட்ரஜனில் கலந்துவிட்ட சிறிதளவு ஆக்சிஜனால் வெடித்துச் சிதறிய பள்ளி ஜன்னல்களைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது. சிக்கல் அவ்வளவு பழையது.

பெரிய நிலையங்களில் பல செல் அடுக்குகள் இருக்கும் என்பதால், காற்று குறையும்போது எல்லாவற்றையும் கால் சுமையில் ஓட்டாமல் சிலவற்றை நிறுத்தி மற்றவற்றை நல்ல சுமையில் ஓட்டுவார்கள். ஆனால் நிறுத்துவதும் சும்மா நடப்பதில்லை. காரக் கரைசல் கருவியில் மின்சாரத்தை நிறுத்தியதும் குழாய்களில் உள்ள கரைசல் வழியே எதிர்த்திசையில் மின்னோட்டம் பாயும். மின்முனையின் வினையூக்கிப் பூச்சு மெல்ல மெல்ல உதிரும். அதைத் தடுக்கச் சிறு காப்பு மின்னோட்டம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட நேரம் நின்றால் நைட்ரஜன் செலுத்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். ஆறிப்போன கருவி மறுபடி சூடேறி முழுத் திறனுக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். தூய்மை தேறும்வரை வரும் ஹைட்ரஜன் வெளியேற்றக் குழாய்க்குத்தான் போகும். காற்றே இல்லாத ஒரு வாரத்திலும் சூடாக்கி, காற்றோட்ட விசிறி, வாயு உணரிகளுக்கு மின்சாரம் வேண்டும். கட்டமைப்போடு இணைப்பே இல்லாத தனிக் காற்றாலை நிலையம் என்று திட்டம் போடுகிறவர்கள் இந்த வரியைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

புரோட்டானை மட்டும் கடத்தும் மெல்லிய படலத்தைக் கொண்ட புரோட்டான் மெம்பிரேன் வகைக் கருவி காற்றோடு நன்றாக ஒத்துப்போகும். சில நொடிகளில் சுமை ஏறி இறங்கும், 5 முதல் 10 சதவீதம் வரை தாழ்ந்தும் ஓடும். விலை அதிகம். அதன் ஆக்சிஜன் பக்க மின்முனைக்கு இரிடியம் என்ற அரிய உலோகம் தேவை. உலகம் முழுவதும் ஓராண்டில் கிடைக்கும் இரிடியம் ஏழெட்டு டன்தான். தண்ணீரில் கொஞ்சம் சோடியமோ கால்சியமோ இரும்போ வந்துவிட்டால் அந்த அயனிகள் மெம்பிரேனில் குடியேறிப் புரோட்டானின் பாதையை அடைத்துக்கொள்ளும். மின்னழுத்தம் ஏறும், அதே ஹைட்ரஜனுக்கு அதிக யூனிட் செலவாகும். நீர் சுத்திகரிப்புப் பிரிவில் அந்த அயனிகளைப் பிடிக்கும் பிசினை மாற்றுவதைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடித்த தொகை, சில மாதங்களில் மின்கட்டணத்தில் பல மடங்காகத் திரும்பி வரும்.

தண்ணீர் விஷயத்தில் மக்களுக்குள்ள அச்சமும் கொஞ்சம் திசைமாறியது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வினையில் செலவாவது 9 லிட்டர். கடல்நீரைக் குடிநீராக்க ஒரு கன மீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் போதும் என்பதால், 20 லிட்டர் எடுத்தாலும் ஆகும் மின்சாரம் 0.08 யூனிட்; 55க்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அதிகத் தண்ணீர் குடிப்பது குளிர்விப்புக் கோபுரம். 55க்கும் 39.4க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் வெப்பமாக வெளியேறுகிறது. அதை நீர் ஆவியாக்கித் தணித்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 20 லிட்டர் போகும். நீர் அரிதான இடத்தில் காற்றால் குளிர்விக்கும் விசிறி அமைப்பு வைக்கலாம். அதற்கு விசிறி மின்சாரம் கூடும், கோடையில் திறன் சற்றுக் குறையும்.

செல் அடுக்கின் ஆயுள் 60,000 முதல் 80,000 மணி நேரம். அந்தக் காலத்தில் அதன் மின்தேவை ஏறத்தாழ 10 சதவீதம் கூடிவிடும். முதலாண்டு கணக்கை வைத்து இருபது ஆண்டுக்கும் விலை சொல்வது அதனால் தவறு. இங்கே இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. காற்றாலையோடு ஓடும் கருவியின் முழுத்திறன் மணி நேரம் ஆண்டுக்கு 4,300 ஆக இருக்கலாம். ஆனால் பாதிச் சுமை, கால் சுமை நேரங்களையும் சேர்த்தால் அது ஓடிக்கொண்டிருக்கும் நேரம் 7,000ஐத் தொடும். ஆயுள் அந்த 7,000ஐ வைத்துத்தான் குறைகிறது. பத்தாவது ஆண்டு வாக்கில் அடுக்கை மாற்றும் செலவை மேலே சொன்ன 264 டாலரில் நாங்கள் சேர்க்கவில்லை.

தயாரித்த ஹைட்ரஜனைச் சேமித்து எடுத்துச் செல்வது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. 30 பாரில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) வெளிவரும் வாயுவை 350 பாருக்கு அழுத்தக் கிலோவுக்கு ஏறத்தாழ 2 யூனிட் ஆகும். மின்சாரம் என்ற அளவில் பெரிதல்ல. தலைவலி கம்ப்ரசர்தான். உதரவிதான வகைக் கம்ப்ரசரின் உலோகத் தகடு தொடர்ந்து ஓடினால் நீடிக்கும். காற்றைப் பின்தொடர்ந்து நாளுக்குப் பல முறை நின்று கிளம்பினால் விரிசல் விடும். ஒன்றுக்கு இரண்டாக வைத்தால்தான் நிலையம் நிற்காமல் ஓடும், முதலீடும் அதற்கேற்ப ஏறும். 200 பார் எஃகு உருளைகளை ஏற்றிய 40 டன் லாரி சுமந்து போவது 300, 400 கிலோ ஹைட்ரஜன். மீதியெல்லாம் எஃகின் எடை. திரவமாக்கினால் அதிகம் ஏற்றலாம், ஆனால் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க நடைமுறையில் கிலோவுக்கு 10 முதல் 13 யூனிட் போய்விடும். பேரளவுச் சேமிப்புக்கு மலிவான இடம் நிலத்தடி உப்புக் குகை. இங்கிலாந்தின் டீஸைடில் 1972 முதல் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். உப்புப் படிவம் எல்லா இடத்திலும் அமைவதில்லை.

உபரி மின்சாரத்தை ஹைட்ரஜனாக வைத்து, காற்றில்லாத நாளில் மீண்டும் மின்சாரமாக்கலாம் என்றும் கட்டுரை சொல்கிறது. அழுத்துவதையும் சேர்த்து 57 யூனிட் போட்டு ஒரு கிலோ எடுக்கிறோம். அதை எரிபொருள் கலத்தில் (ஹைட்ரஜனை மீண்டும் மின்சாரமாக்கும் கருவி) கொடுத்தால் திரும்பக் கிடைப்பது 16 அல்லது 17 யூனிட். நூற்றுக்கு முப்பது. மின்கலத்தில் வைத்தால் எண்பத்தைந்துக்கு மேல் திரும்பும். சில மணி நேரச் சேமிப்புக்கு ஹைட்ரஜன் என்பது வீண் வேலை. வாரக்கணக்கில், பருவக்கணக்கில் சேமிக்க வேண்டுமானால் மட்டும் அந்த முப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். நார்வேயின் உட்சிரா தீவில் 2004இல் தொடங்கிய சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 600 கிலோவாட் காற்றாலைகள் இரண்டு, 48 கிலோவாட் எலக்ட்ரோலைசர், இயல்பு நிலையில் 2,400 கன மீட்டர் வாயுவை 200 பாரில் அடைக்கும் சேமிப்பு, 55 கிலோவாட் ஹைட்ரஜன் எஞ்சின், 10 கிலோவாட் எரிபொருள் கலம். இத்தனையும் சேர்ந்து மின்சாரம் கொடுத்தது பத்து வீடுகளுக்கு. தொழில்நுட்பம் ஓடுகிறது என்று காட்டியது. மலிவு என்று அது காட்டவில்லை.

இன்னொரு கணக்கு கரிமம். இயற்கை எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. காற்று ஓய்ந்த நேரத்தில், யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு வெளியிடும் கட்டமைப்பு மின்சாரத்தை எலக்ட்ரோலைசருக்குக் கொடுத்தால் 55 பெருக்கல் 0.7, அதாவது 38.5 கிலோ. அழுக்கு ஹைட்ரஜன் என்று நாம் திட்டுவதைப் போல நான்கு மடங்கு. மறுபுறம், அதே 55 யூனிட் காற்று மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தை நேரடியாக விலக்கினால் 50 கிலோ கரியமில வாயு மிச்சமாகும். ஹைட்ரஜனாக மாறி எரிவாயு ஹைட்ரஜனை விலக்கினால் மிச்சமாவது 10 கிலோ. நிலக்கரி ஓடிக்கொண்டிருக்கும் கட்டமைப்பில் காற்று மின்சாரத்தை நேரடியாக மின்கம்பியில் அனுப்புவதற்கே முதல் இடம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதி இதைத்தான் கட்டுப்படுத்தப் பார்க்கிறது: ஹைட்ரஜனுக்கென்று புதிதாக மின் உற்பத்தி வேண்டும், அந்த உற்பத்தியையும் எலக்ட்ரோலைசர் எடுக்கும் மின்சாரத்தையும் 2029 முடியும்வரை மாதக் கணக்கில் பொருத்திக் காட்டினால் போதும், 2030 முதல் மணிக்கு மணி பொருந்த வேண்டும். அப்படிப் பொருத்தும்போது காற்றில்லாத மணி நேரத்தைக் கட்டமைப்பு மின்சாரத்தால் நிரப்ப முடியாது. மேலே சொன்ன மணி நேரச் சிக்கல் இன்னும் இறுகுகிறது.

இதையெல்லாம் சொல்வதால் காற்றாலை ஹைட்ரஜனே வேண்டாம் என்பது எங்கள் நிலைப்பாடு அல்ல. உலகம் ஆண்டுக்கு ஒன்பது கோடி டன்னுக்கு மேல் ஹைட்ரஜனை உரத்துக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் ரசாயனத்துக்கும் இப்போதே பயன்படுத்துகிறது, கிட்டத்தட்ட எல்லாம் எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவது. அங்கே ஹைட்ரஜனுக்கு மாற்றாக வேறு பொருள் இல்லை. ஒரு டன் அமோனியாவுக்கு 178 கிலோ ஹைட்ரஜன், அதாவது ஏறத்தாழ 9,800 யூனிட் காற்று மின்சாரம் வேண்டும். இரும்புத் தாதுவை நேரடியாக ஒடுக்க, அதாவது அதிலுள்ள ஆக்சிஜனை நீக்க, ஒரு டன் இரும்புக்கு 50 முதல் 55 கிலோ. வாங்குபவர் குழாயின் அடுத்த முனையிலேயே இருந்தால் லாரியும் உயரழுத்தக் கம்ப்ரசரும் தேவைப்படாது. ஆனால் அமோனியா ஆலை சீரான ஓட்டத்தை விரும்பும், காற்று விரும்பாது. இடையில் எத்தனை மணி நேர ஹைட்ரஜனைச் சேமிக்கிறோம், ஆலையை எவ்வளவு தாழ்த்தி ஓட்ட முடியும் என்ற இரண்டையும் பொறுத்துத்தான் அந்தத் திட்டம் நிற்கும் அல்லது விழும். உடன் கிடைக்கும் ஆக்சிஜனை விற்று ஈடுகட்டலாம் என்பார்கள். கிலோவுக்கு 8 கிலோ ஆக்சிஜன் வருவது உண்மை. பக்கத்தில் எஃகு ஆலையோ கழிவுநீர் நிலையமோ இல்லாவிட்டால் அது காற்றில்தான் கலக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ஏதாவது ஒரு திட்டத்தின் ஹைட்ரஜன் விலையை அச்சிடும்போது, அந்த எண்ணுடன் நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வெளியிடுங்கள். ஆண்டுக்கு எத்தனை முழுத்திறன் மணி நேரம் ஓடும் என்று கணக்கிட்டார்கள். கிலோவுக்கு எத்தனை யூனிட், அது வாசல் மீட்டரில் அளந்ததா செல் அடுக்கில் அளந்ததா. எந்த இடத்தில் எந்த அழுத்தத்தில் ஒப்படைக்கும் விலை. செல் அடுக்கை மாற்றும் செலவு அதில் அடங்குமா. இரண்டு டாலர் என்று சொல்லும் திட்டமும் ஆறு டாலர் என்று சொல்லும் திட்டமும் ஒரே இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக்கூடும்.

இப்படிக்கு,
மின்வேதியியல் துறைப் பொறியாளர்கள் சிலர்